கிண்டர்ஸ்லி: ஒரு குடும்பப்பெயர் காஜாங் வந்த கதை

புர்சா மலேசியாவின் கம்பெனிப் பட்டியலில் ஒரு பெயர் நெடுநாளாக இடம்பெற்று வந்திருக்கிறது: இஞ்ச் கென்னத் காஜாங் ரப்பர். இஞ்ச் கென்னத் என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மல் என்ற பெரிய தீவுக்குப் பக்கத்தில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவு. கென்னத் என்ற பழைய கிறிஸ்தவத் துறவியின் பெயரால் அமைந்தது. காஜாங் நம் உலு லங்காட் மாவட்டத்தில் உள்ள நகரம். ரப்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டிமார் இருட்டோடு எழுந்து வெட்டப் போன பால்மரம்தான். கம்பெனி 1910இல் ஸ்காட்லாந்தில் பதிவானது. தோட்டம் அதற்கும் மூத்தது. அந்தத் தோட்டத்தில் முதன்முதலில் ரப்பர் நட்டவர்கள் கிண்டர்ஸ்லி சகோதரர்கள்.

மலாயா ரப்பர் வரலாற்றை எழுதிய எல்லோரும் கிண்டர்ஸ்லி என்ற பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. ஏனென்றால் இதே பெயரை நான் வேறோர் இடத்தில் ஏற்கெனவே படித்திருந்தேன். திருக்குறளை முதன்முதலில் ஆங்கிலத்தில் அச்சேற்றியவர் யார் என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் சொல்லும் பதில்: நத்தானியேல் எட்வர்ட் கிண்டர்ஸ்லி, 1794. ஆங்கிலேயர்களிலேயே பலர் கேள்விப்பட்டிராத ஒரு குடும்பப்பெயர், ஒரு முனையில் வள்ளுவரையும் இன்னொரு முனையில் காஜாங் பால்மரத்தையும் தொட்டு நிற்கிறது. இப்படி ஒரு பெயர் எங்கே பிறந்தது, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று தேடிப் போனதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலேயர்களுக்கும் தொடக்கத்தில் குடும்பப்பெயர் கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கேயும் ஆளுக்கு ஒரே பெயர்தான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலம் யாருடையது, அப்பனுக்குப் பின் யாருக்குச் சேரும் என்று தோலில் எழுதி வைக்கும் தேவை வந்தது. நிலம் வைத்திருந்த பெரிய குடும்பங்கள் முதலில் தங்கள் ஊரின் பெயரையே தமக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டன. அடுத்த இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் அந்த வழக்கம் உழவர், தச்சர், கொல்லர் என்று கீழே இறங்கியது. தொழிலால் ஸ்மித் வந்தது, தகப்பன் பெயரால் ஜான்சன் வந்தது, ஊரால் வந்தவை ஆயிரக்கணக்கில். கிண்டர்ஸ்லி ஊரால் வந்த பெயர்.

வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயரில் கின்னர்ஸ்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. பக்கத்து ஷ்ராப்ஷயரிலும் ஏறத்தாழ அதே பெயரில் இன்னோர் ஊர் உண்டு. ஹெரிஃபோர்ட்ஷயர் ஊரின் பெயரைப் பிரித்தால் பழைய ஆங்கிலத்தில் இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. முதல் துண்டு கினஹேர்ட் என்ற ஓர் ஆளின் பெயர். 'கினெ' என்றால் அரச குலம் சார்ந்த, 'ஹேர்ட்' என்றால் உறுதியான. பின்னால் வரும் 'லீ' என்பது காட்டை வெட்டித் திருத்திய நிலம். கினஹேர்ட் என்ற ஒருவன் மரம் வெட்டி வெளியாக்கிய இடம், அவ்வளவுதான். அந்த மனிதனைப் பற்றி வேறு எந்தச் செய்தியும் மிஞ்சவில்லை. ஷ்ராப்ஷயர் ஊரின் பெயரில் அதே ஆள்பெயருக்குப் பின் வருவது தீவு அல்லது சதுப்புக்கு நடுவிலான மேட்டு நிலம் என்ற பொருள் தரும் சொல். வெவ்வேறு ஊர்கள் பிற்காலத்தில் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்துவிட்டன.

இந்த ஊர்களிலிருந்து வெளியேறி வேறிடம் போனவர்களுக்குத்தான் அது குடும்பப்பெயர் ஆகியிருக்க வேண்டும். ஊரிலேயே இருப்பவனை ஊர்ப்பெயரால் யாரும் கூப்பிட மாட்டார்கள். எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதியதால் எழுத்து பலவாறு பிரிந்தது. கின்னர்ஸ்லி, கைனர்ஸ்லி, நடுவில் 'ட்' ஒலி சேர்ந்த கிண்டர்ஸ்லி. 1538இல் ஒவ்வொரு தேவாலயப் பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. ஏட்டில் ஏறிய எழுத்தே அந்தக் குடும்பத்தின் எழுத்து என்று மெல்ல மெல்ல நிலைத்தது. 'ட்' இல்லாத கிளை ஒன்றும் மலாயாவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களில் உத்தியோகம் பார்த்து, பினாங்கின் ரெசிடென்ட் கவுன்சிலராக இருந்த சார்ல்ஸ் வால்டர் ஸ்னீட்-கின்னர்ஸ்லியின் பெயரில் பின்பாதி அதுதான்.

பெயர் ஏன் அரிதாயிற்று என்பதற்குக் கணித ஆசிரியர்களுக்குப் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், பெருமை வாய்ந்த பழைய குடும்பப்பெயர்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துச் சிலர் கவலைப்பட்டார்கள். பெரிய குடும்பங்களின் உடல்வளம் குறைந்துவிட்டதோ என்று கேட்டார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் 1873இல் இதை ஒரு புதிராக அச்சில் வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடைக்கு முயன்றார், இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். கணக்கின் சாரம் எளிது. பெயர் மகன் வழியே மட்டும் போகிறது. ஒரு ஊரில் வீட்டுக்குச் சராசரி ஒரு மகன் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஒன்று என்பதற்காக எல்லா வீட்டிலும் ஒரு மகன் இருக்க மாட்டான். சில வீட்டில் மூன்று பேர், சில வீட்டில் ஒருவரும் இல்லை. தற்செயலாகப் பிறப்பு அமைந்தால் 100 வீடுகளில் ஏறக்குறைய 37 வீடுகள் மகன் இல்லாதவையாக இருக்கும். அந்த 37 வீடுகளும் தனித்தனிப் பெயர் கொண்டவையாக இருந்தால், ஒரே தலைமுறையில் 37 பெயர்கள் போய்விடும். அடுத்த தலைமுறையில் இன்னும் சில. யாருடைய உடல்வளமும் குறையாமலேயே பெரும்பாலான பெயர்கள் அழிந்து, சில பெயர்கள் மட்டும் பெருகும். ஸ்மித் போல ஆயிரம் ஊர்களில் தனித்தனியே பிறந்த பெயருக்கு இதனால் ஆபத்தில்லை. ஓரிரு ஊர்களில், ஓரிரு குடும்பங்களோடு தொடங்கிய கிண்டர்ஸ்லி போன்ற பெயர் பிழைத்திருப்பதே பெரிது.

அரிய பெயர்களில் ஆய்வாளருக்கு ஓர் அனுகூலம் உண்டு. இரண்டு ஸ்மித்களைப் பார்த்து உறவா என்று கேட்டால் சிரிப்பார்கள். இரண்டு கிண்டர்ஸ்லிகளைப் பார்த்தால் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அதனால்தான் ஆங்கிலேய வம்சாவளி ஆர்வலர்கள் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வரைபடத்தில் பரப்பிவைத்து, இன்ன பெயர் எந்த மாவட்டத்தில் எத்தனை வீடு என்று புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். புள்ளிகள் ஓரிடத்தில் கூடியிருந்தால் பெயர் பிறந்த வட்டாரம் பெரும்பாலும் அதுவே. கிண்டர்ஸ்லியைப் பொறுத்தவரை எனக்கு அந்த இங்கிலாந்து வரைபடத்தைவிட அதற்கு வெளியே விழுந்த புள்ளிகள்தான் முக்கியம். அவற்றில் பழையவை நம் தமிழ் மண்ணில் இருக்கின்றன.

பெங்கால் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த நத்தானியேல் கிண்டர்ஸ்லியின் மனைவி ஜெமிமா. 1764இல் கப்பலேறி, டெனெரிஃப் தீவு, பிரேசில், நன்னம்பிக்கை முனை என்று சுற்றி மறு வருடம் இந்தியா வந்து சேர்ந்தார். வழியில் கண்டதையும் இங்கே கண்டதையும் கடிதங்களாக எழுதினார். அந்தக் கடிதங்கள் 1777இல் லண்டனில் புத்தகமாயின. இந்தியாவைப் பற்றி ஓர் ஆங்கிலேயப் பெண் எழுதி அச்சான மிகப் பழைய நூல்களில் அதுவும் ஒன்று. கணவர் 1769இல் இறந்துபோனார். மகன் நத்தானியேல் எட்வர்ட் பெரியவனாகி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகத்தில் சேர்ந்தார்.

இந்த நத்தானியேல் எட்வர்ட்தான் நம் ஆள். வரி வசூலிக்கவும் வழக்குக் கேட்கவும் வந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களில் பலர் வேலைக்கு வேண்டிய அளவு தமிழோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் தமிழ்ப் புலவர்கள் மதிக்கும் நூல் எது என்று கேட்டுக்கொண்டு அதன் பக்கம் போனார். 1794இல் லண்டனில் வெளியான அவருடைய புத்தகம், தமிழிலிருந்து பெயர்த்த இந்து இலக்கிய மாதிரிகள் என்ற பொருளில் தலைப்பிடப்பட்டது. அதில் நளராஜன் கதை முழுக்க இருக்கிறது. அதற்கு முன்னால் திருவள்ளுவரின் நூலிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள். குறள் என்பதை அவர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் எழுத்தைப் படித்தால் 'கடல்' என்றுதான் வாயில் வருகிறது. அதற்கேற்ப ஞானக்கடல் என்று ஆங்கிலத்தில் விளக்கமும் கொடுத்திருக்கிறார். காதில் விழுந்ததில் பிசகு நேர்ந்திருக்கலாம். நூலின் உயரத்தை அவர் குறைத்து அளக்கவில்லை.

இதில் ஒரு காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும். திருக்குறள் தமிழில் முதன்முதலாக அச்சானது 1812இல். கிண்டர்ஸ்லியின் ஆங்கிலப் பகுதிகள் அதற்கு 18 ஆண்டுகள் மூத்தவை. வீரமாமுனிவரின் லத்தீன் மொழிபெயர்ப்பு அவருக்கு முந்தியதுதான், ஆனால் கையெழுத்துப்படியாகவே கிடந்தது. எல்லிஸ், ட்ரூ, 1886இல் போப் என்று குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களாக நாம் வரிசையாகச் சொல்லும் பெயர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் கிண்டர்ஸ்லி. அவருடைய பெயர் நம் பள்ளிப் பாடங்களில் வராதது நியாயமில்லை. முழு நூலையும் பெயர்க்காத ஒருவரைப் போப்பையருக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லவில்லை. முதலில் கதவைத் தட்டியவர் என்ற மரியாதையாவது அவருக்கு வேண்டும்.

அவர் சென்னையில் இருந்த காலத்தில், 1792இல், அங்கேயே பிறந்த மகன் ரிச்சர்ட் டோரின் கிண்டர்ஸ்லி. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, வழக்கறிஞராகி, இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் 1851இல் துணைச் சான்சலர் பதவிக்கு உயர்ந்தார். 1870களின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டினால் நீதிபதி கிண்டர்ஸ்லி என்று மறுபடியும் அந்தப் பெயர் எதிர்ப்படும். இப்படி நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்னையோடு ஒட்டிக்கிடந்த பெயர், 1890களில் கடல் தாண்டிக் காஜாங்கில் தலைகாட்டுகிறது.

அப்போது உலு லங்காட் வட்டாரத்தின் வெள்ளைக்காரத் தோட்டங்களில் ரப்பர் இல்லை, காப்பி. இலங்கையில் இலைநோய் காப்பியை அழித்துவிட்ட பிறகு, அங்கிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்த துரைமார்கள் சிலாங்கூரில் லைபீரியக் காப்பி போட்டிருந்தார்கள். 1890களின் பின்பாதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிந்தது. விலை விழுந்தது. தோட்டக்காரர்களுக்குக் கையைப் பிசையும் நிலை.

ரப்பர் விதை இந்தப் பக்கம் வந்து அதற்குள் இருபது வருடம் ஆகிவிட்டது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து 1876இல் கொண்டுபோன சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் விதைக்கப்பட்டன. முளைத்தவை 2,700க்குச் சற்று மேல். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வளர்ந்தது, விதையும் விட்டது, நடத்தான் ஆளில்லை. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவர் ஹென்றி ரிட்லி பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் விதையைக் கொடுத்துக் கெஞ்சினார். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம்தான் கிடைத்தது. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையையும் அவர்தான் சோதித்து நிலைநாட்டினார்.

அவருடைய பேச்சைக் கேட்டவர்கள் இரண்டு பக்கம் இருந்தார்கள். மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதை ஒட்டிய காலத்திலேயே காஜாங் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் சுமார் 5 ஏக்கரில் நட்டார்கள். யார் முதல் என்ற வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. விலை போகுமா என்று தெரியாத மரத்தை, பால் வெட்ட ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டிய மரத்தை, காப்பி கைவிட்ட நேரத்தில் நட்டது துணிச்சல்தான். அதை மறுக்கக் கூடாது. 1897இல் ரயில் காஜாங்குக்கு வந்தது. மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அதே 1910இல்தான் இஞ்ச் கென்னத் கம்பெனியும் பதிவானது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

நட்டார்கள் என்று எழுதினேன். நட்டது யார் கை? ஐந்து ஏக்கராக இருந்தாலும் ஐயாயிரம் ஏக்கராக இருந்தாலும், காட்டை வெட்டி, கட்டையைச் சுட்டு, குழி வெட்டி, கன்று வைத்து, லாலான் புல்லோடு மல்லுக்கட்டியதில் பெரும்பங்கு, சிலாங்கூர் முழுக்க, தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களுடையது. கினஹேர்ட் காட்டைத் திருத்தியதால் ஒரு பெயர் பிறந்து ஆயிரம் வருடம் நிலைத்தது. காஜாங் காட்டைத் திருத்தியவர்களின் பெயரில் இங்கே எத்தனை தோட்டம் இருந்தது? கிள்ளானில் ஹைலண்ட்ஸ், ஷா ஆலம் பக்கம் கிளென்மேரி, வேலன்டைன் கேரியின் பெயரால் கேரித் தீவு என்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் நம் வரைபடத்தில் இறங்கியிருக்கின்றன. சேலத்துக்கும் தஞ்சாவூருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை.

கிண்டர்ஸ்லி என்ற பெயர் அதற்குப் பிறகும் பயணப்பட்டது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் சஸ்காட்சுவான் புல்வெளியில் கிண்டர்ஸ்லி என்றே ஒரு ஊர் 1910இல் அமைந்தது. ரயில் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ராபர்ட் கிண்டர்ஸ்லி என்ற லண்டன் வங்கியாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஹெரிஃபோர்ட்ஷயரில் ஊர்ப்பெயராகத் தொடங்கி ஆள்பெயரானது, கனடாவில் மறுபடி ஊர்ப்பெயராகிவிட்டது. ராபர்ட்டின் தம்பி மகன் டேவிட் கிண்டர்ஸ்லி கல்லில் எழுத்துச் செதுக்குவதில் பேர்போன கலைஞர். பிரிட்டிஷ் நூலகத்தின் வாசல் கதவில் உள்ள எழுத்து அவரும் அவர் மனைவியும் வடிவமைத்தது. டேவிட்டின் மகன் பீட்டர் 1974இல் கிறிஸ்டோபர் டார்லிங்கோடு சேர்ந்து தொடங்கிய பதிப்பகம்தான் டார்லிங் கிண்டர்ஸ்லி. வெள்ளைப் பின்னணியில் பெரிய படங்களோடு டைனோசரையும் எரிமலையையும் காட்டும் அந்த டிகே புத்தகங்கள் கோலாலம்பூர் புத்தகக்கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. காஜாங்கில் பால் வெட்டியவரின் கொள்ளுப்பேத்தி, அந்தப் பெயரை முதுகில் தாங்கிய புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் எடுத்துப் படித்திருப்பாள்.

எழுத்து மாறாத ஒரு குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு இருநூற்றைம்பது வருடம், மூன்று கண்டம் என்னால் நடக்க முடிந்தது. அதே தோட்டத்தின் பெரட்டுக் களத்தில், அதாவது விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்ற ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எத்தனை தூரம் போக முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. அது குறையல்ல. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கத்தில் தனி அழகு உண்டு. சாதிப் பெயரை வாலாகச் சுமக்காமல் இருப்பதற்கும் அது வழி செய்தது, அதை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தேடிப் போகிறவனுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முனியாண்டியின் மகன் பெருமாள், பெருமாளின் மகன் சுப்பிரமணியம், சுப்பிரமணியத்தின் மகள் மாலா. மாலாவின் அடையாள அட்டையில் சுப்பிரமணியம் இருப்பார், பெருமாள் இருக்க மாட்டார். மகள் என்று பொருள்படும் அனாக் பெரெம்புவான் என்ற இரண்டு மலாய்ச் சொல்லின் சுருக்கம் ஒரு தலைமுறையைத்தான் கட்டும். மூன்றாம் தலைமுறையில் முனியாண்டி காணாமல் போகிறார். ஒரே தோட்டத்தில் ஆறு முனியாண்டிகள் இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம். லேவாதேவி செய்த செட்டியார்கள் மட்டும், தலைமுறை தாண்டி வரும் விலாசம் என்ற எழுத்துக் கோவையால் இந்தச் சிக்கலை ஓரளவு சமாளித்தார்கள். தோட்டத்து மக்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை.

அவர்களுக்கு இருந்தது கிராணியின், அதாவது தோட்டத்து எழுத்தரின், ஏடு. யாழ்ப்பாணத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்த கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பெயரைப் பதிந்தார். பிறகு 1948இல் அவசரகாலம் வந்து, எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தபோது, அந்த எழுத்துகள் உறைந்துபோயின. லட்சுமி என்ற பெயரைத் தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்கள், இங்கே அட்டையில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். இங்கே 'எல்' எழுத்துக்குப் பக்கத்தில் 'இ', நடுவில் 'டி, சி, எச்'. தோட்டத்தில் லெட்சுமி என்றுதான் கூப்பிட்டார்கள், அப்படியே பதிந்துவிட்டார்கள். சுப்பிரமணியத்துக்கு நடுவில் 'பி' வர வேண்டிய இடத்தில் உச்சரிப்புப்படி வேறு எழுத்து. உலகத்தின் எந்த மூலையில் அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்தாலும், இந்தக் குடும்பம் மலேசியாவில் இருந்திருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். கின்னர்ஸ்லியைக் கிண்டர்ஸ்லியிலிருந்து பிரிக்கும் அந்த 'ட்' எப்படி ஒரு தடயமோ, நம் அட்டையில் உள்ள இந்த எழுத்தும் அப்படித்தான். இவற்றைப் பிழை என்று திருத்தத் துடிப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து திருத்தாதீர்கள்.

ஏடுகளில் பெரும்பகுதி இப்போது இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போனபோது, குடும்பங்களோடு சேர்ந்து பெயர்களும் அறுந்தன. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, ஆபீசுக் காகிதங்களை யாரும் பத்திரப்படுத்தவில்லை. பிறகு செம்பனை வந்தது, அதற்குப் பிறகு வீடமைப்புப் பகுதிகள் வந்தன. 2017இல் காஜாங்குக்கு எம்ஆர்டி வந்து சேர்ந்தபோது, பெரட்டுக் களத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எண்பதைத் தொட்டிருந்தார்கள்.

மிஞ்சியிருப்பவை சில உண்டு. தமிழ்ப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு அப்பாவின் பெயரும் தோட்டமும் இருக்கும். 1951இல் தொடங்கிய தொழிலாளர் சேமநிதியின் பழைய கணக்குப் புத்தகங்கள் சில வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இன்னமும் கிடக்கின்றன. தோட்டக் கோயில் திருவிழாவின் உபயக் கணக்கு நோட்டு, ராஜுலா கப்பலில் வந்தவர்களின் கடவுச்சீட்டு, மயானத்துச் சிமெண்டுப் பலகை, தமிழ் நேசன் பத்திரிகையின் மரண அறிவித்தல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தை நான்கு தலைமுறைக்குக் கட்டி எழுப்ப முடியும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தோட்டம் சம்பந்தமான அரசுக் கோப்புகள் இருக்கின்றன. அங்கே துரைமார்களின் பெயர் தெளிவாகக் கிடைக்கும், தொழிலாளி பெரும்பாலும் எண்ணிக்கையாக இருப்பார். அந்த எண்ணிக்கைக்குள் பெயரை வைக்க வேண்டியது வீட்டிலிருந்துதான்.

காஜாங், செமினி, பாங்கி, கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் எழுபது எண்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு கேள்வி கேளுங்கள். உங்கள் அப்பா பெயர், தாத்தா பெயர், பாட்டி பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர் எந்தத் தாலுகா, கூட்டிவந்த கங்காணி யார், முதலில் இறங்கிய தோட்டம் எது. பாட்டிகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். கிண்டர்ஸ்லி வம்சாவளியில்கூட ஜெமிமா தன் கடிதங்களால்தான் நினைக்கப்படுகிறார், மற்றப் பெண்கள் கணவர் பெயருக்குள் மறைந்துபோனார்கள். கேட்டதைத் தமிழில் எழுதி, அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தையும் அதே எழுத்துக்கூட்டலோடு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, ஒரு பிரதியைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் கொடுத்துவிடுங்கள்.